இரண்டு இருபத்தைந்து கரட்டூர் பஸ்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள் சார். உங்கள் போனில் 'வந்தாச்சா' இருக்கிறதா? பச்சைக் கட்டத்துக்குள் மஞ்சள் பஸ் படம் போட்டிருக்கும். இருந்தால் குற்றமில்லை, ஊரில் பாதிப் பேர் வைத்திருக்கிறார்கள். நான் எழுந்து பின் சீட்டுக்குப் போய்விடுவேன், அவ்வளவுதான். இல்லையா? நிஜமாகவே இல்லையா? சரி, நம்புகிறேன். ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள். இந்தப் பக்கம் வெயில் படாது. கரட்டூர் போய்ச் சேர ஐம்பது நிமிஷம் ஆகும்.

ஏன் கேட்டேன் என்றால், நோட்டும் கையுமாக நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டீர்கள். சும்மா கேட்பவர்களும் உண்டு, சும்மா கேட்கிற மாதிரி கேட்பவர்களும் உண்டு. இந்த ஒன்றரை வருஷத்தில் எனக்கு வாய்த்ததெல்லாம் இரண்டாவது வகை.

என் பெயர் ஆவுடையப்பன். நல்லமங்கலம் பால் குளிரூட்டும் நிலையத்தில் இரவு வேலை. ஒன்பது மணிக்கு உள்ளே போனால் காலை ஆறுக்கு வெளியே வருவேன். அரை மணிக்கு ஒரு தரம் தொட்டியில் பால் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். பத்தொன்பது வருஷமாக எழுதுகிறேன். படிப்பு எட்டாவதோடு சரி. மற்றதெல்லாம் பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்கிப் படித்ததுதான். ஒரு தடவை பழைய ரயில்வே கால அட்டவணை ஒன்று கிடைத்தது. மூன்று முறை படித்தேன். சிரிக்காதீர்கள். எந்த ஊரில் எந்த வண்டி எவ்வளவு நேரம் நிற்கும், எதற்காக நிற்கும், யாருக்காக யார் காத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே படித்தால் அதில் இல்லாதது ஒன்றும் இல்லை.

அதைப் பார்த்துத்தான் என் புத்தகத்தை ஆரம்பித்தேன். 'நல்லமங்கலம் வட்டாரப் பஸ் நேரம்'. சட்டைப் பையில் அடங்குகிற அளவு. அறுபத்து மூன்று ஊர்கள், டவுன் பஸ், மினிபஸ் எல்லாம். வருஷம் ஒன்று, தை மாதம் வெளிவரும். ஐந்நூறு பிரதி. விற்பனைக்கு இல்லை. மூலையில் துளை போட்டு, நூல் கட்டி, டீக்கடை, மருந்துக் கடை, ரேஷன் கடை என்று நானே கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிட்டு வருவேன்.

கேட்டு எழுதியது ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் நின்று பார்த்து எழுதியது. பகலில் எனக்குத் தூக்கம் வராது. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் படுத்தால், மனசு எங்கேயோ எழுந்து போய்விடும். அதன் பின்னாலேயே நானும் போக வேண்டியதுதான். புறப்படும் நேரம் என்று நான் போட்டால் அது டிரைவர் ஏறி உட்கார்ந்த நேரமில்லை, சக்கரம் உருண்ட நேரம். நேரத்துக்குப் பக்கத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம். 'செவ்வாய் சந்தை, கோழிக்கூடை ஏறும்.' 'டிரைவர் மாறும் நாளில் பத்து நிமிஷம் முந்திப் போய்விடும்.' 'வலப்பக்கம் மழை ஒழுகும்.' இந்த மாதிரி.

ஒரு நிமிஷம் சார். காளவாசல் விலக்கு... இரண்டு முப்பத்தெட்டு. ம், எழுதியாயிற்று.

எதற்கு ஆரம்பித்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். என் மாமனாருக்குக் கரட்டூர். அவர் இறந்த அன்று தகவல் வந்தபோது மணி ஒன்றரை. நானும் என் சம்சாரம் செண்பகவல்லியும் ஸ்டாண்டுக்கு ஓடினோம். மத்தியானம் ஒரு பஸ் உண்டு என்று எல்லாரும் சொன்னார்கள். நின்றோம். நின்றோம் சார். அந்த பஸ்ஸை நிறுத்தி மூன்று மாதம் ஆகிவிட்டது என்பது நாலு மணிக்குமேல்தான் தெரிந்தது. எழுதி வைக்க ஆளில்லை, சொல்ல ஆளில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டிலிருந்து எல்லாரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். செண்பகவல்லி அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. தீபாவளி போனஸை வாங்கி அப்படியே அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தாலும் ஏன் என்று கேட்டதில்லை.

பதினோரு வருஷம். ஒரு மனிதர் அந்தப் புத்தகத்தைப் புரட்டி நான் பார்த்ததில்லை. டீக்கடையில் அதை வைத்து விசிறிக்கொள்வார்கள். அதற்குக்கூடச் சின்னதாக இருக்கிறது என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். சரி, இருந்துவிட்டுப் போகட்டும். நான் ஒருவன்தான் செய்கிறேன் என்று ஒரு நினைப்பு இருந்தது பாருங்கள், அது போதுமாக இருந்தது.

போன வருஷத்துக்கு முந்தின ஆவணியில் அதுவும் போயிற்று. காலையில் ஸ்டாண்டுக்குள் நுழைகிறேன், தூணில் என் புத்தகம் தொங்குகிற ஆணிக்கு ஒரு சாண் மேலே பச்சை நோட்டீஸ். 'வந்தாச்சா. உங்கள் பஸ் உங்கள் கையில்.' போனில் பஸ் நேரம் காட்டுகிற செயலியாம், செய்தது மூன்று பேர். இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த பிள்ளைகள். மூவர் சார்பிலும் வெளியே பேசுகிற ஆள் ஒரு பெண், பிளெஸ்ஸி என்று பெயர். நோட்டீஸ் ஒட்டியது அவள்தான். ஒட்டியவள் சும்மா இருந்தாளா? கோணலாகத் தொங்கிய என் புத்தகத்தை நேராக்கி வைத்துவிட்டுப் போனாளாம். பூக்கடைக்காரர் சொன்னார். எதற்கு அதைத் தொட்டாள்? கையில் எடுத்தவள் உள்ளே பார்க்காமலா இருந்திருப்பாள்?

செண்பகவல்லியின் போனில் அதை இறக்கச் சொல்லி, மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு நேரமாக என் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். பத்தில் ஒன்பது ஒன்றாகவே இருந்தது. என்ன சொல்கிறீர்கள்? "ஒரே பஸ்ஸ ரெண்டு பேரு பாத்தா ஒரே நேரம்தான இருக்கும்" என்றாள் செண்பகவல்லி. அவளுக்கு உலகத்தில் எல்லாரும் நல்லவர்கள்.

திருட்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிரூபிப்பது எப்படி? நேரம் யாருக்கும் சொந்தமில்லையே. இரவெல்லாம் தொட்டிக்கும் நாற்காலிக்கும் நடந்து யோசித்தேன். யோசித்துக் கண்டுபிடித்தேன். ஓடாத ஒரு பஸ்ஸை என் புத்தகத்தில் போடுவது. உலகத்திலேயே இல்லாத பஸ். அது அவர்கள் போனில் வந்துவிட்டால், என்னிடமிருந்து எடுத்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பதினோராம் பதிப்பு, பக்கம் பதினேழு. மத்தியானம் இரண்டு இருபத்தைந்து, நல்லமங்கலம் ஸ்டாண்டிலிருந்து கரட்டூர். ஏன் அந்த நேரம், ஏன் கரட்டூர் என்று கேட்காதீர்கள். பேனா அப்படி எழுதியது. மத்தியானம் அந்த ரோட்டில் பஸ் இல்லை, மூன்று பத்துக்கு வருகிற டவுன் பஸ்தான், அதனால் குழப்பம் வராது என்று நினைத்தேன். குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டால் சந்தேகம் வருமே. 'கூட்டம் இருக்காது, உட்கார இடம் கிடைக்கும்' என்று எழுதினேன். பொய்யில்லை பாருங்கள். இல்லாத பஸ்ஸில் எங்கே கூட்டம்? எனக்கே சிரிப்பாக இருந்தது. பிறகு யாராவது நம்பி ஏமாந்துவிடக் கூடாது என்று கூடவே இன்னொன்றும் சேர்த்தேன். 'சில நாள் வராது.'

அச்சகத்திலிருந்து பிழை திருத்துகிற தாள் வந்த அன்று இந்த யுக்தியை வீட்டில் சொன்னேன். செண்பகவல்லி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாராட்டுவாள் என்று நினைத்தேன். கையிலிருந்த கீரைக் காம்பை முறத்தில் போட்டாள்.

"இல்லாத பஸ்ஸுக்கு நின்னவ நான்" என்றாள்.

அது வேறு, இது வேறு என்று சொன்னேன். விளக்கினேன். அது யாரும் எழுதாததால் வந்தது, இது ஒரு காரணத்துக்காக எழுதியது. அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பெண்களுக்கு இந்த மாதிரி விஷயங்களைப் புரியவைப்பது கஷ்டம்.

தை முடிந்தது, மாசி முடிந்தது. தினமும் காலையில் அவள் போனை வாங்கிப் பார்ப்பேன். இல்லை. இல்லை. பயந்துவிட்டார்களோ, என் வீட்டில் யாராவது சொல்லிவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். வீட்டில் இருப்பது அவள் ஒருத்திதான். இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. பங்குனி நாலாம் தேதி பார்க்கிறேன், நிற்கிறது சார். 'கரட்டூர் 2.25.'

அந்த ஞாயிற்றுக்கிழமை நுகர்வோர் சங்கக் கூட்டம். மாதா மாதம் வணிகர் சங்கக் கட்டடத்து மாடியில் நாற்பது பேர் கூடுவார்கள். அந்தப் பிள்ளைகளைப் பாராட்டிப் பொன்னாடை போர்த்தப்போகிறார்கள் என்று தெரியும். அதனால்தான் போனேன். பொன்னாடையை அந்த பிளெஸ்ஸி தோளில் போடுகிற நேரம் பார்த்து எழுந்தேன். என் புத்தகத்தைப் பிரித்துப் பக்கம் பதினேழை வாசித்தேன். இப்படி ஒரு பஸ்ஸே கிடையாது, இவர்களைப் பிடிப்பதற்காக நானே கற்பனை செய்து போட்டது, இப்போது இவர்கள் போனில் இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள் என்றேன். சபை அமைதியாகிவிட்டது. அந்த அமைதிக்காகப் பதினோரு வருஷம் காத்திருந்த மாதிரி இருந்தது.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, பயம் இல்லை. குழப்பமாகப் பார்த்தாள்.

"அங்கிள், அந்த பஸ்ஸுல நேத்துதான நான் போனேன்?"

"இல்லாத பஸ்ஸுல எப்படிம்மா போன?"

"நின்னுக்கிட்டுதான் போனேன். சீட் கிடைக்கல."

நாற்பது பேரும் சிரித்தார்கள். இப்போதும் சில நேரம் தொட்டியில் மோட்டார் ஓடுகிற சத்தம் அந்தச் சிரிப்பு மாதிரி கேட்கும். போனில் படம் காட்டினாள், பஸ் வருகிற மாதிரி, ஆட்கள் ஏறுகிற மாதிரி. இந்தக் காலத்தில் படத்தை எப்படி வேண்டுமானாலும் செய்துவிடலாம். நம்பவில்லை நான்.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கே ஸ்டாண்டில் போய் நின்றேன். கிழக்குப் பக்கம், கரட்டூர் வண்டி நிற்கிற இடத்தில் பதினேழு பேர். எண்ணினேன். இரண்டு இருபத்தாறுக்கு ஒரு மினிபஸ் திரும்பி வந்து நின்றது.

இந்த பஸ்தான் சார். நாம் உட்கார்ந்திருக்கிற இதே பஸ். அதோ முன்னால் காசை வாயில் கவ்விக்கொண்டு டிக்கெட் கிழிக்கிறாரே, அவர்தான் கண்டக்டர் சுடலை.

அன்றைக்கு நான் ஏறவில்லை. அடுத்த நாள்தான் ஏறினேன். ஏறி சுடலையிடம் மெதுவாக விசாரித்தேன். எப்போதிருந்து ஓடுகிறது, யார் சொல்லி ஓடுகிறது?

"அதயேன் கேக்கீக அண்ணாச்சி. தைக்குப் பொறவு தெனமும் இந்த நேரத்துக்குப் பத்துப் பதினஞ்சு பேரு நிக்காக. எதுக்கு நிக்கீகன்னா ரெண்டு இருபத்தஞ்சு வரும்ங்காக. வராதுன்னு சொன்னா, எங்களயே மொறைக்காக. சில நாளு வராது, இன்னைக்கு அந்த நாளு போலன்னு சொல்லிட்டு மூணு பத்துல ஏறிப் போவாக. மறுநாளும் வந்து நிப்பாக. முதலாளி பாத்தாரு. ஆள் நிக்கிதுல்ல, எடுங்கடான்னுட்டாரு. இந்த மத்தியான நடை எங்க வண்டிக்கு முந்தியே உள்ளதுதான். ஆளில்லன்னு நிப்பாட்டிப் பதிமூணு வருசம் ஆச்சு."

பதிமூன்று வருஷம் முன்னால் நிறுத்திய நடை என்றார். அப்படியா என்றேன். அதற்குமேல் அதைப் பற்றி நான் கேட்டுக்கொள்ளவில்லை.

யோசித்துப் பாருங்கள் சார். 'சில நாள் வராது' என்று நான் எழுதினேன். அதை நம்பி ஒன்றரை மாதம் தினமும் வந்து நின்றிருக்கிறார்கள். வெயிலில். பதினைந்து பேர். அப்படியென்றால் புத்தகத்தை யாரோ படித்திருக்கிறார்கள். படித்தது மட்டுமில்லை, கண்ணால் பார்த்ததைவிட அதை நம்பியிருக்கிறார்கள். அன்றைக்கு இரவு வேலையில் ஒரு தடவை டிகிரி பார்க்க மறந்துவிட்டேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.

ஆனால் விடிவதற்குள் எனக்கு வேறொன்று தோன்றிவிட்டது. ஒரு முதலாளி, பத்துப் பேர் நிற்கிறார்கள் என்று பஸ் விடுவாரா? இந்தக் காலத்திலா? அந்தப் பிள்ளைகள் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். என் பொறியைக் கண்டுபிடித்து, அதிலிருந்து தப்பிக்க அந்த பஸ்ஸையே ஓட வைத்துவிட்டார்கள். எப்படி மூளை பாருங்கள். அதனால்தான் வாரத்தில் இரண்டு நாள் இதில் ஏறி ஒவ்வொரு நிறுத்தமாக நேரம் எழுதுகிறேன். அவர்கள் பார்க்காத நாளிலும் ஒழுங்காக ஓடுகிறதா என்று. இதுவரைக்கும் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. அதுவே ஒரு மாதிரியாக இல்லையா?

புளியம்பாறை... இரண்டு ஐம்பத்தொன்று. ஒரு நிமிஷம் தாமதம். அந்த அம்மா மூட்டையை இறக்கியதால் வந்தது, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

எங்கே விட்டேன்? ஆமாம். நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். என் உண்மை அவர்கள் போனிலும் இருக்கிறது, என் பொய்யும் உண்மையாகி அவர்கள் போனிலேயே இருக்கிறது. இனி நான் எதை எழுத? அச்சகக்காரர் சங்கரலிங்கம் ஐப்பசியில் கேட்டார். இந்த வருஷம் இல்லை என்று சொல்லிவிட்டேன். உடம்புக்கு முடியலையா என்றார். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வெளியே வந்து ஸ்டாண்டில் உட்கார்ந்தால், பஸ்கள் பாட்டுக்கு வருகின்றன, போகின்றன. கையில் நோட்டு இல்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை சார்.

அந்த வாரம்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள் பிளெஸ்ஸி. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. நான் நிறுத்துகிறேன் என்பது அதற்குள் எப்படித் தெரிந்தது? சங்கரலிங்கமும் அவர்கள் ஆள்தானோ என்னவோ. நேரமெல்லாம் அவர்களிடம் இருக்கிறதாம், குறிப்புகள்தான் இல்லையாம். அதை அப்படியே என் பெயரைப் போட்டுச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். "எங்களுக்கு அந்த மாதிரி எழுத வராது அங்கிள்" என்றாள். புகழ்ந்தால் நான் மயங்குவேன் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொல்லிவிட்டாள். அவள் அம்மா என் புத்தகங்கள் பதினொன்றையும் பீரோவில் வைத்திருக்கிறாராம். பார்த்தீர்களா, தானாக வாயைவிட்டாள். எப்படித் திருடினார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

பழத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகு, அலமாரியில் என் பிரதிகளை எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. செண்பகவல்லி வாசல் வரைக்கும் போய் அவளிடம் ஏதோ பேசினாள். என்ன பேசினாய் என்று கேட்டேன். தண்ணி குடிச்சியான்னு கேட்டேன் என்றாள். தண்ணீருக்கு அவ்வளவு நேரமா?

அதோடு முடிந்திருக்கும். கார்த்திகையில் ஒரு நாள் இதே பஸ்ஸில், இதே சீட்டில், ஒரு அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அறுபது வயது இருக்கும். பிளாஸ்டிக் வாளிக்குள் துணி, தட்டு, டம்ளர். ஆஸ்பத்திரி வாசம். சுடலைதான் என்னைக் கைகாட்டிவிட்டிருக்கிறார்.

"நீங்கதான் பஸ்ஸு புத்தகக்காரராய்யா?"

நோட்டை மடக்கினேன். பெயர் சீனியம்மாள், கரட்டூர். புருஷன் சர்க்கரைப் புண்ணோடு பெரியாஸ்பத்திரியில் ஒன்றரை மாதமாகக் கிடக்கிறார். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரைதான் உள்ளே விடுவார்கள். கரட்டூருக்குக் கடைசி பஸ் ஆறு நாற்பது. பார்க்கப் போகிறவர்கள் பாதியிலேயே எழுந்து ஓட வேண்டும், இல்லையென்றால் ராத்திரி வராந்தாவில் சேலையை விரித்துப் படுக்க வேண்டும். வீட்டில் ஆடு அடைக்க ஆளில்லை. அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் இதே பாடுதான். இதெல்லாம் சொல்லிவிட்டு என் நோட்டைப் பார்த்தார்.

"ராத்திரி ஏழு அம்பதுக்கு ஒண்ணு போட்டு விடுங்கய்யா."

நான் பஸ் விடுகிறவன் இல்லை, ஓடுகிறதைத்தான் எழுத முடியும், ஓடாததை எழுதினால் அது பொய் என்று சொன்னேன். நல்ல குரலில்தான் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ரெண்டு இருபத்தஞ்சு நீங்க போட்ட பொறவுதானய்யா ஓடுச்சு? அப்ப கீரை வித்துட்டுத் திரும்புவேன், நாந்தான் மொத நாள்லருந்து நின்னேன்."

மொத நாளிலிருந்து. ஒன்றரை மாதம். அந்த பஸ் வரவில்லையே, கோபம் வரவில்லையா என்று கேட்டேன். எதற்குக் கோபம், புத்தகத்தில்தான் வரும் என்று போட்டிருந்ததே என்றார். நீங்கள்தான் மேலே எழுதிப் போட்டு இந்த பஸ்ஸை வாங்கிக் கொடுத்தீர்கள் என்று எங்கள் ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்றும் சொன்னார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் வேறு எதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். நோட்டைப் பிரித்து அடுத்த நிறுத்தத்தின் நேரத்தை எழுதினேன்.

பதினோரு நாள் தூக்கம் இல்லை சார், இருந்த கொஞ்சமும் போயிற்று. இந்த அம்மாவை யார் அனுப்பியது என்று யோசித்தேன். அந்தப் பெண்தான் அனுப்பியிருப்பாள், நான் இன்னொரு பொய்யைப் போட்டதும் அதே மாடியில் எழுந்து நின்று வாசிப்பாள். நியாயம்தானே, நானும் அதைத்தானே செய்தேன். கரட்டூருக்கே போய் விசாரித்தேன். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடப்பது நிஜம். ஆடு நிஜம். வராந்தாவில் போய்ப் பார்த்தேன். சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த ரோட்டு ஊர்க்காரர்கள் மட்டும் பதினெட்டுப் பேர் சேலையும் துண்டும் விரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓடாததை எழுதுவதா? எழுதாமலே விட்டுவிடுவதா? ஏற்கெனவே நிறுத்தியாயிற்று, இதற்காக மறுபடி ஆரம்பித்தால் ஊர் என்ன நினைக்கும், அந்தப் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? இதை செண்பகவல்லியிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லுவாள் என்று தெரியும்போல இருந்தது, தெரியாதுபோலவும் இருந்தது.

மார்கழி பிறந்ததும் சங்கரலிங்கத்திடம் போனேன். பன்னிரண்டாம் பதிப்பு. பக்கம் இருபத்திரண்டு. இதோ, பையில் ஒன்று இருக்கிறது, நீங்களே படியுங்கள். கண்ணாடி இல்லையா? நான் வாசிக்கிறேன். 'பெரியாஸ்பத்திரி வாசல், இரவு 7.50, கரட்டூர் வரை.' பக்கத்தில் குறிப்பு: 'இப்போது இல்லை. ஆள் நின்றால் வரும்.'

சங்கரலிங்கம் அச்சுக் கோக்கும்போது மூன்று முறை போன் செய்து, இது சரிதானா என்று கேட்டார். சரிதான் என்றேன். அதில் பொய் இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.

புத்தகம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. முதல் நாள் நான் மட்டும்தான் போய் நிற்கப்போகிறேன் என்று நினைத்துப் போனேன். ஒன்பது மணிக்குத்தானே வேலை, எட்டரை வரை நிற்கலாம். அங்கே போனால் செண்பகவல்லி நிற்கிறாள். நான் கூப்பிடவில்லை. கையில் எனக்கு இரவுச் சாப்பாட்டுத் தூக்குவாளி. ஏன் வந்தாய் என்று கேட்டேன். சோறு கொடுக்க வந்தேன் என்றாள். சோற்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாமே, எட்டரை வரைக்கும் நின்றாள். சீனியம்மாள் வந்தார். அப்புறம் வராந்தாவிலிருந்து ஒருவர் இருவராக வந்தார்கள். பஸ் வரவில்லை. வராது என்று எழுதித்தானே இருக்கிறது. யாரும் முகம் சுளிக்கவில்லை. மறுநாளும் வந்தார்கள். சுடலை முதலாளியை அந்தப் பக்கமாக ஒரு தடவை கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பார்ப்போம்.

கரட்டூர் வந்துவிட்டது. எழுதிக்கொள்கிறேன்... மூன்று பதினாறு. நீங்கள் இறங்குங்கள், பை பத்திரம்.

இறங்குவதற்கு முன் ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள், உங்களுக்கு ஏதாவது புரிகிறதா என்று பார்க்கிறேன். தினமும் காலையில் அந்த 'வந்தாச்சா'வைத் திறந்து பார்க்கிறேன். ஏழு ஐம்பது அதில் இல்லை. எல்லாவற்றையும் எடுத்தவர்கள் இதை மட்டும் ஏன் எடுக்கவில்லை? சரி, அதுதான் போகட்டும். நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் கடைசியாக யார் நிற்கிறது என்று பார்த்தால், பிளெஸ்ஸி. அவளுக்குக் கரட்டூர் இல்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்கு யாரும் கிடையாது, விசாரித்துவிட்டேன். ஸ்கூட்டர் வைத்திருக்கிறாள், எதிரே மருந்துக் கடை ஓரத்தில் நிறுத்தியிருந்தாள். போனை எடுக்கவில்லை, படம் பிடிக்கவில்லை, என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டரை வரைக்கும் அந்தக் குளிரில் சும்மா நின்றுவிட்டுப் போனாள்.

என்ன திட்டம் என்று தெரியவில்லை சார். கண்டுபிடிக்காமல் விடமாட்டேன். இன்றைக்கும் வருவாள் பாருங்கள். ஆள் எத்தனை என்று தினமும் நோட்டில் குறிக்கிறேன், முதலாளியிடம் காட்ட வேண்டும் இல்லையா. நேற்று இருபத்து மூன்று.

அவளையும் சேர்த்துத்தான்.